விரல் பின்வாங்காமல்



நமது சபையின் மூத்த தாயார் ஒருவர், தமது கணவரின் அடக்க ஆராதனையில் நான் பேசியதை எழுத்தில் தரும்படி கேட்டார். அவரைத் ‘தோள்கொடுத்தவர்’ என்று நான் சொன்ன ஒரு சொல்தான் அத்தாயாரின் நினைவில் தங்கியிருந்தது. கணினியில் என் பிரசங்கக் கோப்புகளில் அச்சொல்லைத் தேடினேன். இல்லை என்றது. பேசியது எனக்கே நினைவிருக்க, எப்படி இல்லாமற்போகும்?

கணினியியல் பயிலும் என் மகளிடம், இயந்திரம் எவ்வாறு தேடுகிறது என்று கேட்டேன். அவள் காகிதத்தில் ‘கலகலகலப்பு’ என்று எழுதி, அதற்குள் ‘கலகலப்பு’ எங்கே இருக்கிறது என்றாள். எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். நான்கு எழுத்துகள் பொருந்தின, ஐந்தாவது பொருந்தவில்லை. உடனே விரலை இரண்டாம் எழுத்துக்குக் கொண்டுபோனேன்.

“ஏன் அப்பா பின்னால் போகிறீர்கள்? பொருந்திய ‘கலகல’வின் கடைசி இரண்டு எழுத்தும் ‘கல’. தேடும் சொல்லின் தொடக்கமும் ‘கல’. விரல் அங்கேயே நிற்கட்டும். தேடும் சொல்லை மட்டும் இரண்டு எழுத்து நகர்த்துங்கள்.”

நகர்த்தினேன், மீதி நான்கும் பொருந்தின. தவறிய இடம்வரை கற்றது ஒன்றும் வீணாகவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய எனக்கு இதை விளங்கிக்கொள்ள மூன்று மாலைகள் ஆயின என்பதையும் மறைக்கமாட்டேன். டொனால்ட் கனூத், ஜேம்ஸ் மாரிஸ், வான் பிராட் ஆகிய மூவர் 1977இல் வெளியிட்ட முறை இது. கனூத் லூத்தரன் திருச்சபையைச் சேர்ந்தவர். வேதாகமப் புத்தகங்களின் மூன்றாம் அதிகாரம் பதினாறாம் வசனங்களை ஆராய்ந்து ஒரு நூலே எழுதியவர்.

ஆனால் என் கோப்பு? அதையும் மகளே கண்டுபிடித்தாள். ‘கொ’ என்பதைக் கணினி இருவிதமாகச் சேமிக்கலாம்: ‘ொ’ என்ற ஒரே குறியாக, அல்லது ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்து. ‘தோ’வும் அப்படியே. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய என் கோப்புகளில் அவை பிரிந்திருந்தன. கண்ணுக்கு ஒன்று, என் கணினியின் தேடலுக்கோ வேறு. அந்த வேறுபாட்டைச் சரிசெய்ததும் பிரசங்கம் அகப்பட்டது.

அச்சிட்டு எடுத்துச் சென்றேன். தாயார் வரிகளின்மேல் விரல் வைத்து மெல்ல வாசித்தார். அந்தச் சொல்லில் நின்றார். பிறகு கனூத்தின் முறைக்கு முற்றிலும் மாறாக, அவர் விரல் மீண்டும் முதல் வரிக்கே போயிற்று.