கொக்கி சரியாக வருகிறதா?

சம்பளத்துக்கு அல்ல, ஆசைக்கு நிரல் எழுதுகிறவன் நான். என்னைப் போன்றவர்களுக்கு, திரையில் விண்டோவும் பட்டனும் வரைய 'எந்த டூல்கிட்?' என்ற கேள்வியே ஒரு சுகம். டிகின்டரா, ஜிடிகேயா, க்யூடியா, டபிள்யூஎக்ஸா என்று ஒப்பிட்டுப் பார்த்தே மாதங்களை ஓட்டிவிடலாம். பட்டன் அழகாக இருக்கிறதா, விண்டோ சட்டென்று திறக்கிறதா, உரிமம் எப்படி என்று பார்க்க ஆயிரம் இருக்கிறது. எனக்கு அந்தக் கேள்வியைத் தீர்த்து வைத்தது புதுச்சேரி மூலக்குளத்தில் அக்கா நடத்தும் தையற்கடை.

அக்காவின் அளவு நோட்டைக் கணினியில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. பெயர், ஊர், மார்புச் சுற்றளவு, கை நீளம், முன்கழுத்து, பின்கழுத்து, கொக்கி முன்னாலா பின்னாலா. கடையில் இருந்தது லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப். பைத்தானில் எழுதுகிறவனுக்கு முதலில் கைக்கு வருவது டிகின்டர். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் ஔஸ்டர்ஹவுட் உருவாக்கிய டிகே-தான் அதற்கு அடித்தளம். பத்து வரி எழுதினாலே பெட்டியும் பட்டனும் திரைக்கு வந்துவிடும். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை என்று இன்றும் சொல்வேன்.

ஆனால் திரையில் வந்த தமிழ் வேறு மாதிரி இருந்தது. 'கொக்கி'யின் கொம்பு ககரத்துக்கு வலப்பக்கம் போய் நின்றது. 'கழுத்து' என்பதில் ழகரம் தனி, உகரக் குறி தனி. 'மூலக்குளம்' என்ற ஊர்ப்பெயரிலேயே 'மூ'வும் 'கு'வும் உடைந்து கிடந்தன. அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். "இது தமிழாடா தம்பி? எனக்கே படிக்க வரலையே, வேலைக்கு வர்ற பிள்ளைங்க எப்படிப் படிக்கும்?"

அன்றைக்குத்தான் எழுத்தைத் திரையில் வரைவது யார் என்று தேடிப் படித்தேன். யூனிகோடில் 'கொ' என்பது முதலில் ககரம், அதற்குப் பிறகு ஒகரக் குறி. நினைவகத்தில் இருப்பது இந்த வரிசைதான். கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் வைப்பது, ழகரத்தையும் உகரத்தையும் சேர்த்து ஒரே வடிவமாக்குவது எல்லாம் வரையும்போது நடக்க வேண்டிய வேலை. லினக்ஸில் நான் வைத்திருந்த டிகே அந்த வேலையைச் செய்யவில்லை. அதே நிரலை விண்டோஸில் ஓட்டினால் தமிழ் ஒழுங்காக வந்தது. அங்கே எழுத்தை வடிவமைத்துக் கொடுப்பது விண்டோஸ். புதுச்சேரியில் கடற்கரைப் பக்கத்துத் தெருப் பலகைகளில் தமிழும் பிரெஞ்சும் சேர்ந்தே இருக்கும். அந்தப் பிரெஞ்சு எழுத்துகளை எந்த டூல்கிட்டும் தடுமாறாமல் காட்டிவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு, ஒரு வடிவம், இடமிருந்து வலம். தமிழுக்கு அது போதாது.

ஜிடிகே எழுத்து வேலையைப் பாங்கோ என்ற நூலகத்திடம் கொடுக்கிறது. பாங்கோவும் சரி, க்யூடியும் சரி, எழுத்தை வடிவமைக்க ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்தைத்தான் நம்பியிருக்கின்றன. ஃபயர்ஃபாக்ஸ், குரோம், லிப்ரே ஆஃபிஸ், ஆண்ட்ராய்டு என்று நாம் தினமும் தமிழ் படிக்கும் பல இடங்களில் உழைப்பது அதே ஹார்ஃப்பஸ். பெஹ்தாத் எஸ்ஃபஹ்போதும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்திருக்கும் இந்த வேலைக்குத் தமிழர்கள் கடன்பட்டிருக்கிறோம்.

அதற்குப் பிறகு எந்த டூல்கிட்டை எடுத்தாலும் முதல் வேலையாக ஒரு வெற்றுப் பெட்டியைத் திறந்து 'கொக்கி, கழுத்து, கோரிமேடு, ரெட்டியார்பாளையம், ஸ்ரீ' என்று அடித்துப் பார்ப்பேன். அம்பு விசையைத் தட்டினால் கர்சர் 'கொ'வின் நடுவே சிக்காமல் முழு எழுத்தைத் தாண்டுகிறதா என்றும் பார்ப்பேன். கிவி என்ற டூல்கிட்டின் வழக்கமான அமைப்பு இதில் தேறவில்லை. ஜிடிகேயும் க்யூடியும் தேறின.

இரண்டில் ஒன்று என்று வந்தபோதுதான் மற்ற அளவுகோல்கள் உதவின. உரிமச் சண்டை பழைய கதை. க்யூடியின் உரிமம் பிடிக்காமல்தான் 1997-ல் ஜிடிகேயை நம்பிய க்னோம் டெஸ்க்டாப் திட்டமே பிறந்தது; 2000-ல் க்யூடி ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்துக்கும், 2009-ல் எல்ஜிபிஎல்லுக்கும் வந்தது. கடைக்கு எழுதுகிற எனக்கு இரண்டுமே பொருந்தும். லேப்டாப்பில் ஏற்கெனவே ஜிடிகே இருந்ததால் அதையே எடுத்தேன். அக்காவிடம் விண்டோஸ் மட்டும் இருந்திருந்தால் நிறுவச் சுலபமான பைசைடை, அதாவது க்யூடியை எடுத்திருப்பேன்.

டூல்கிட் தீர்க்காத சிக்கல் ஒன்று பாக்கி இருந்தது. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் அடிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் அடிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். தேடினால் ஒன்றுக்கு மற்றொன்று சிக்காது. அதனால் பெயரைச் சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதியைக் கொண்டு ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுகிறேன். இப்போது 'கொ' என்று அடித்தாலே கோவிந்தசாலை கொளஞ்சியம்மாள் முதலில் வந்து நிற்கிறார்.