குறித்து வைத்தவள்

2023 மார்கழி மாலையொன்றில், சாவகச்சேரிக்கு அப்பால், கண்டி வீதியில் சைக்கிளிற் சென்ற நாம் வான் சாரதி ஒருவனோடு வாய்த்தர்க்கம் புரிந்தோம். வழிவிடவில்லை என்பது அவன் குற்றச்சாட்டு. வீதி உன் அப்பன் முதுசமோ என்பது எமது மறுமொழி. (அதிற் சிறிது பெருமையும் எமக்கு!) சினத்தோடு வானைக் கிளப்பியவன், முன்னே சைக்கிளிற் போன கூலித்தொழிலாளியை இடித்து வீழ்த்திவிட்டு நில்லாமற் பறந்தான்.

1990 இற்கு அழைத்தோம்; அம்புலன்ஸ் வந்தது. விபத்து நேர்ந்தால் சாரதி நிற்கவேண்டும் என்கிறது 1951ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டம். ஓடியவனைப் பிடிக்க இலக்கம் வேண்டுமே! அவன் முகத்தைப் பார்த்து ஏசிய நாம் இலக்கத் தகட்டைப் பார்க்கவில்லை. ரியூசனுக்குப் போன சிறுமியொருத்தி கொப்பியிற் குறித்திருந்தாள்.

வான் அகப்பட்டது. உடைமையாளர் காசோடு தொழிலாளியின் குடிசைக்கு வந்தார். வாங்கவேண்டாம் என்றோம்.

“வழக்கு முடியுமட்டும் என்ர அடுப்பை ஆர் எரிக்கிறது, ஐயா?” என்றார், முறிந்த காலை நீட்டியவாறே.

நாம் பேசவில்லை. சிறுமியின் கொப்பித்தாள் பொலிஸ் நிலையத்தில் இருக்கிறது.