இரண்டு புள்ளிகளும் ஒரு கோடும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளவும்.

"சார், நீங்களும் ஃபாரெக்ஸ் பண்றீங்களாமே?" என்று போன வாரம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பழைய மாணவன் கேட்டான். பண்ணினேன். இப்போது இல்லை. பாதியைக் கேள்விப்பட்டு இன்னும் யாரும் இறங்கிவிடக் கூடாது என்பதால் முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருடம் முன்பு, சிப்காட்டில் வேலை பார்க்கும் என் மாணவன் ஒருவன் (பெயர் வேண்டாம்) வீட்டுக்கு வந்து செல்போனில் யூரோ-டாலர் சார்ட்டைக் காட்டினான். விலை இறங்கித் திரும்பிய பள்ளங்களை இணைத்து ஒரு கோடு. அதுதான் டிரெண்ட்லைன். விலை கோட்டைத் தொட்டுத் திரும்பினால் வாங்கு, கோட்டை உடைத்துக்கொண்டு கீழே போனால் வெளியே வந்துவிடு. முப்பத்தோரு வருடம் கணக்கு எடுத்தவனுக்கு ஸ்கேலும் பென்சிலும் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. உண்மையைச் சொல்லவேண்டுமே, ரிடையர் ஆன பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் உட்கார்ந்ததில்லை.

ஆனால் உங்களுக்கு நானே நடத்திய பாடம்தான்: எந்த இரண்டு புள்ளிகள் வழியாகவும் ஒரு நேர்க்கோடு போகும். இரண்டு பள்ளங்களை இணைப்பது எதையும் நிரூபிக்காது. மூன்றாவது முறையும் விலை அங்கே வந்து திரும்பினால்தான் கோட்டுக்குக் கொஞ்சம் மரியாதை. அப்புறம் கால அளவு. 15 நிமிட சார்ட்டில் ஏறுமுகமாகத் தெரிவது, வாரச் சார்ட்டில் பெரிய இறக்கத்தின் நடுவே ஒரு சின்ன மேடாக இருக்கும். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு இறங்கும்போது வழியில் மேடு வருவதில்லையா? அதற்காக மலை ஏறுகிறோம் என்று ஆகுமா? முதலில் வாரம், பிறகு நாள், கடைசியில்தான் மணியும் நிமிடமும். தெரிந்துதான் இருந்தது. நான் பார்த்தது 15 நிமிடத்தை.

கோடு உடைந்த அன்று வெளியே வரவில்லை. கோட்டைக் கொஞ்சம் சாய்த்து வேறொரு பள்ளத்தோடு இணைத்துக்கொண்டேன். விடையைப் பார்த்துவிட்டு படம் வரையும் பையன்களை எத்தனை முறை பெஞ்சில் ஏற்றியிருக்கிறேன்! போட்ட பணத்தைப் போல நூறு மடங்குக்கு வாங்க விடுகிறார்கள். விலை 1% எதிராகப் போனால் முதல் முழுதும் காலி. நான்கு மாதத்தில் 2,40,000 ரூபாய், கம்யூட்டேஷன் பணம். வீட்டில் சொல்ல இன்னும் இரண்டு மாதம் ஆனது. "என்கிட்ட கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேனேங்க" என்றாள். அதனால்தான் கேட்கவில்லை.

பிறகுதான் படித்தேன். ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலிருந்தே அனுமதியில்லாத ஃபாரெக்ஸ் தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை வெளியிட்டு வருகிறது. அதில் பெயர் இல்லை என்பதாலேயே ஒரு தளத்துக்கு அனுமதி உண்டு என்று அர்த்தமில்லை. அங்கே வர்த்தகம் செய்தால் 1999-ம் வருட ஃபெமா சட்டப்படி நம் மேலேயே நடவடிக்கை வரலாம். அங்கீகாரம் பெற்ற எக்ஸ்சேஞ்சில் ரூபாய்-டாலர் ஒப்பந்தம் 2008 முதல் இருக்கிறது. 2024 மே மாதத்திலிருந்து அதுவும் அந்நியச் செலாவணியில் வரவு செலவு உள்ளவர்களுக்குத்தான். காதலர் தினத்துக்கு ரோஜா அனுப்பும் ஓசூர்க்காரருக்கும் மாங்கூழ் ஏற்றுமதி செய்யும் கிருஷ்ணகிரிக்காரருக்கும் அது தேவை. பென்ஷன் வாங்கும் எனக்கு யூரோவிடம் என்ன வேலை?

பணம் போனது பெரிசில்லை என்று சொல்லமாட்டேன், பெரிசுதான். ஆனால் "சாரே பண்றாரு" என்ற பேச்சைக் கேட்டு இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஒருவனுக்கு 60,000 போனது. மாதம் 5,000 கொடுக்கிறேன். வேண்டாம் என்கிறான், அக்கவுண்டில் போட்டுவிடுகிறேன். இன்னொருவன் மனைவியின் வளையலை அடகு வைத்துப் போட்டானாம். என் போனை எடுப்பதில்லை.

தம்பி, இதை நீ படிப்பாய் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில்தான் இருப்பேன். அடகு ரசீதை எடுத்துக்கொண்டு வா.