9999 வரை தேதி காட்டும் கடிகாரம்!

பாரிஸிலிருந்து ரயில் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் வெர்சாய் வந்துவிடும். அரண்மனைக்கு வருகிற கூட்டம் கண்ணாடி மண்டபத்தைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டு, நேரே தோட்டத்துக்கு ஓடிவிடுகிறது. நீங்கள் அவசரப்படாதீர்கள். தனியாகக் காசு கட்டி, கைடு பின்னாலேயே போனால் ராஜாவின் அந்தரங்க அறைகளைப் பார்க்கலாம். அதில் ஒன்றுக்குப் பெயரே கடிகார அறை!

உள்ளே ஆளுயரத்துக்கும் மேலாக ஒரு வெண்கலக் கடிகாரம் நிற்கிறது. உச்சியில் கண்ணாடிக் கோளம். அதற்குள் சூரியன், சுற்றிலும் கிரகங்கள். மணி, தேதி, பிறை எல்லாம் காட்டும். தேதி எதுவரைக்கும் தெரியுமா? கி.பி. 9999 வரை! (அதற்கப்புறம் வேறு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.) கணக்குப் போட்டவர் பாஸ்மான். யந்திரம் செய்தவர் தோத்தியோ. 1750-ல் பதினைந்தாம் லூயியிடம் காட்டினார்கள். 1754-ல் இந்த அறைக்கு வந்தது.

இத்தனைக்கும் பெண்டுலம் பிரெஞ்சுச் சரக்கு அல்ல! 1656-ல் ஊசல் கடிகாரத்தைக் கண்டுபிடித்தவர் ஹாலந்துக்காரரான ஹைகன்ஸ். பதினான்காம் லூயி காலத்தில், 1666-ல், அவரைப் பாரிஸுக்கு வரவழைத்து விஞ்ஞானக் கழகத்தில் உட்கார வைத்தார்கள். அங்கே அவருக்குக் கைகொடுத்த கடிகாரத் தொழிலாளி ஐசக் துரே. அந்தக் காலத்துப் பாரிஸ் கடிகாரங்களுக்குக் கறுப்பு வெல்வெட் முகம், அடக்கமான மரக்கூடு. அதனால் 'கன்னியாஸ்திரீ' என்றே பெயர்!

1675-ல் நட்பில் விரிசல். சுருள் ஸ்பிரிங் வைத்த கடிகாரம் ஒன்றை ஹைகன்ஸ் யோசித்துச் சொல்ல, துரே செய்து கொடுத்தார். கொடுத்தவர் சும்மா இருந்தாரா? "யோசனையிலும் எனக்குப் பங்குண்டு" என்று கிளம்பிவிட்டார். ஹைகன்ஸ் கொதித்துப் போனார். கடைசியில் துரே மன்னிப்புக் கேட்டு எழுதியபிறகுதான் ஓய்ந்தது. 1681-ல் உடம்பு முடியாமல் ஊருக்குப் போன ஹைகன்ஸ், பாரிஸுக்குத் திரும்பவே இல்லை.

1685-ல் ராஜா போட்ட ஒரே கையெழுத்தில் புராட்டஸ்டண்டுகளுக்கு இருந்த மத உரிமை போயிற்று. தப்பி ஓடியவர்களில் கடிகாரத் தொழிலாளிகளும் உண்டு. ஜெனீவாவும் லண்டனும் அவர்களை வாரி அணைத்துக்கொண்டன. யாருக்கு நஷ்டம், சொல்லுங்கள்?

புரட்சிக்காரர்கள் மட்டும் சளைத்தவர்களா? 1793-ல் நாளுக்குப் பத்தே மணி, மணிக்கு நூறு நிமிஷம் என்று சட்டம் போட்டார்கள். ஜனங்களுக்குத் தலை சுற்றியது. 1795-ல் கைவிட்டார்கள்.

9999 வரை தேதி குறித்து வைத்த அரண்மனையிலிருந்து ராஜ குடும்பம் மூட்டை கட்டியது 1789-ல். கடிகாரம் அறைக்கு வந்து முப்பத்தைந்தே வருஷம்!