முகப்பில் எதை வைப்பது?

எந்தக் கடைக்காரரும் சரக்கைப் பின்கட்டில் ஒளித்துவிட்டு, தராசு வாங்கிய ரசீதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கமாட்டார். மென்பொருள் எழுதும் பிள்ளைகள் இதைத்தான் செய்கிறார்கள்.

என் தங்கை மகன் கணியம்பாடியில் பொறியியல் படிக்கிறான். நண்பர்களோடு சேர்ந்து, தமிழில் தட்டெழுத உதவும் இலவச மென்பொருள் ஒன்றைப் பராமரிக்கிறான். அதன் இணையதள முகப்பைத் திருத்தப் போவதாகச் சொல்லி என்னிடம் காட்டினான். உச்சியில் பதிப்பு எண்; அடுத்து உரிம விவரம்; அப்புறம் மூல நிரல் கிடைக்கும் இடம். பதிவிறக்கும் பொத்தானோ பாதாளத்தில் இருந்தது.

"இது யாருக்காகடா?" என்றேன்.

"யூஸ் பண்றவங்களுக்குத்தான், மாமா."

அவனுக்கு அது ஒரு சொல். எனக்கோ உடனே ஒரு முகம் தெரிந்தது. கடைத்தெருவில் மனு தட்டித் தரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷமாக டைப்ரைட்டரில் தட்டிய விரல்கள். புள்ளி விசையைத் தட்டினால் காகிதம் நகராது. அடுத்துத் தட்டும் எழுத்தின் தலையில் புள்ளி உட்கார்ந்துகொள்ளும். அந்த நகரா விசையின் தாளம் அவர் ரத்தத்திலேயே ஊறிவிட்டது. இப்போது இயந்திரத்தைப் பழுது பார்க்க ஆளில்லை. மகன் வாங்கித் தந்த பழைய மடிக்கணினியைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார். "இந்த வயசுல புதுசாக் கத்துக்க முடியுமாங்க?" என்கிறார். மனு எழுத வருகிறவர்கள் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போகிறார்கள்.

எழுத்துகளின் இடத்தை அவர் புதிதாகக் கற்க வேண்டியதே இல்லை என்பதுதான் வேடிக்கை! 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி 'தமிழ்99' விசைப்பலகை வந்தது. அதற்காகப் பழைய தட்டச்சு முறையை யாரும் தூக்கி எறிந்துவிடவில்லை. 'எ-கலப்பை' போன்ற மென்பொருள்கள் அதையும் சேர்த்தே தருகின்றன. பையனின் மென்பொருளிலும் அது உண்டு. 'ஆதரிக்கப்படும் விசைப்பலகை அமைப்புகள்' என்ற தலைப்பின்கீழ், நாலாவது வரியில் அது பதுங்கியிருந்தது.

"டைப்ரைட்டர் பழகியவரா? அதே விரல், அதே எழுத்து" என்று உச்சியில் போடச் சொன்னேன். நிரலும் உரிமமும் கீழே போகட்டும் என்றேன்.

அவன் முகம் வாடிவிட்டது. கூலியில்லாமல் கண்விழித்து உழைக்கும் பிள்ளைகளுக்கு அந்த நிரல்தானே பெருமை? கைகொடுக்க வருகிற புதியவர்களும் அதைப் பார்த்துத்தான் வருவார்கள். அவன் கட்சியிலும் நியாயம் இருந்தது. ஆனால், ஃபயர்பாக்ஸ் உலாவியும் திறந்த மூல நிரல்தான். அதன் பதிவிறக்கப் பக்கம், வந்தவரின் கணினி எது என்று தானே அறிந்து, அதற்கேற்ற பொத்தானை முதலில் நீட்டுகிறது. நிரல் வேண்டியவர் தேடிப் போய் எடுத்துக்கொள்கிறார்.

அரை மனத்தோடு மாற்றினான். மறுநாள் கைப்பேசியில் அந்தப் பக்கத்தைப் பெரியவரிடம் காட்டினான். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியை இரண்டு தரம் படித்தார். விரல்கள் மேசைமேல் தாமாகவே அசைந்தன.

"இதுக்கு எவ்வளவு துட்டு, தம்பி?" என்றார்.

பையன் என்னைப் பார்த்தான். உரிமத்தைப் பற்றிப் பதினைந்து வரிகள் எழுதியிருந்தவர்கள், 'காசு வேண்டாம்' என்ற இரண்டு வார்த்தையை எங்குமே போடவில்லை. அங்கேயே நின்றுகொண்டு அதைச் சேர்க்க ஆரம்பித்தான்.