பொன்பூ தேய்ந்த இடம்

பழைய கால்மிதி தையல் மெஷின் இருக்கும் வீட்டு வாசலில் காயலான் கடைக்காரர் நின்றால், பேச்சு கிலோ கணக்கில்தான் தொடங்கும். அடிச்சட்டம் முழுக்க வார்ப்பிரும்பு. நல்ல எடை நிற்கும். அதன்மேல் கண்ணாடியோ கிரானைட்டோ போட்டு ஓட்டல்களில் மேசையாக்குவதால் இப்போது தனிக் கிராக்கியும் உண்டு. “சும்மாதானேம்மா கெடக்கு?” என்பார். அந்த வீட்டுப் பாட்டி பதில் சொல்லாமல், மெஷினை மூடியிருக்கும் துணியை இழுத்துவிட்டு உள்ளே போய்விடுவார். மிக்சி போனால் வேறு வாங்குகிறார்கள், டிவி போனாலும் வாங்குகிறார்கள். தையல் மெஷினை மட்டும் அப்படித் தூக்கிக் கொடுக்க மனம் வருவதில்லை.

இந்தப் பிரியம் அதனுடன் கூடப் பிறந்ததல்ல. அதன் கதை வெறுப்பில் தொடங்குகிறது. பிரெஞ்சுத் தையற்காரர் பார்த்தெலமி திமோனியே 1830இல் காப்புரிமை பெற்று, பாரிஸில் சுமார் 80 மெஷின்களை வைத்து ராணுவச் சீருடை தைக்க ஆரம்பித்தார். அடுத்த ஆண்டே மற்றத் தையற்காரர்கள் கூட்டமாகப் புகுந்து அவற்றை அடித்து நொறுக்கினார்கள். கைத்தையலை நம்பிக் கஞ்சி குடித்தவர்களுக்கு அது வயிற்றில் அடிக்க வந்த பொருள். திமோனியே கடைசியில் வறுமையிலேயே இறந்தார்.

அமெரிக்காவில் ஐசக் சிங்கர் 1851இல் காப்புரிமை பெற்ற மெஷினும் பார்வைக்குப் பட்டறைச் சாமான்தான். 1856இல் வீட்டுக்கென்று ஒரு சிறிய மெஷினைச் செய்தபோது, அது நன்றாகத் தைத்தால் மட்டும் போதாது, கூடத்தில் வைத்துக்கொள்ள ஆசையும் வரவேண்டும் என்று அந்த நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது. கடையில் பெண்களையே உட்காரவைத்துத் தைத்துக் காட்டினார்கள். தவணையில் கொடுத்தார்கள். பளபளக்கும் கறுப்பு உடம்பில் பொன்னிறத்தில் கொடியும் பூவும் ஓடவிட்டார்கள். பின்னால் வந்த சில மாடல்களில் எகிப்தின் ஸ்பிங்க்ஸே படுத்திருக்கும். மிதிக்கட்டையின் இரும்பில்கூடக் கம்பிக்கோலம் போன்ற பின்னல்.

அந்தப் பூவால் ஒரு தையல்கூட நேராக விழப்போவதில்லை. ஆனாலும் அது வீண் அலங்காரமல்ல. அழகாக இருப்பது கைக்கும் எளிதாகப் படுகிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1990களில் ஏடிஎம் திரைகளை வைத்துப் பார்த்தார்கள். வேலை ஒன்றுதான், பொத்தான்களின் அமைப்பு மட்டும் வேறு. பார்க்க அழகானதையே மக்கள் சுலபமானது என்றார்கள். உணர்ச்சியும் வடிவமைப்பும் பற்றி டொனால்ட் நார்மன் 2004இல் எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயம் இந்த ஆய்விலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறது.

காந்திக்கும் இந்த மெஷின்மேல் ஒரு பரிவு இருந்தது. 1924இல் தில்லியில் ராமச்சந்திரன் என்ற சாந்திநிகேதன் மாணவர், எந்திரம் என்றாலே எதிர்ப்பீர்களா என்று அவரிடம் கேட்டார். காந்தி விலக்களித்தது சிங்கர் தையல் மெஷினுக்கு. மனைவி கையால் தைத்துத் தைத்து அலுத்துப்போவதைக் காணப் பொறுக்காமல், அவள்மீது வைத்த அன்பில் சிங்கர் அதைச் செய்தார் என்பது அவர் நம்பிய கதை. கேள்வி கேட்ட அந்த மாணவர்தான் பிறகு 1947இல் டாக்டர் சௌந்திரம் அம்மையாரோடு சேர்ந்து சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கிய ஜி. ராமச்சந்திரன்.

நடந்தது வேறு. பாஸ்டனில் ஒரு பட்டறையில், இன்னொருவரின் சரியாக ஓடாத மெஷினைப் பார்த்துத்தான் சிங்கர் தன்னுடையதைச் செய்தார். லாபக் கணக்குத்தான் அவரை இழுத்தது. ஆனாலும் காந்தி அந்தக் கதையை நம்பியதில் வியப்பில்லை. ராத்திரி விளக்கடியில் ஊசியோடு குனிந்திருந்த பெண்ணின் முதுகுவலியையும் கண்ணெரிச்சலையும் குறைத்த பொருள் அது. பாசமில்லாத கை அதைச் செய்திருக்கும் என்று நினைக்கத் தோன்றாது.

தமிழ்நாட்டு வீடுகளில் இந்தப் பாசத்தோடு சம்பாத்தியமும் கலந்திருக்கிறது. கணவனை இழந்தவர்களுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் அரசு சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் இயந்திரம் கொடுப்பது, அதை ஒரு பிழைப்பாகக் கருதித்தான். ஜாக்கெட் தைத்து, சேலைக்கு ஃபால்ஸ் அடித்து, பாவாடைக்கு நாடா கோத்துப் பள்ளிக் கட்டணம் கட்டிய வீடுகள் எத்தனையோ. அங்கே வளர்ந்த பிள்ளைக்கு மெஷின் ஓடும் சத்தம் அம்மா விழித்திருக்கிறாள் என்பதன் அடையாளம்.

பழகியவரின் உடம்பிலும் அது ஏறிவிடுகிறது. புதிதாக மிதிப்பவருக்குச் சக்கரம் பின்பக்கமாகச் சுழன்று நூல் பட்டென்று அறும். வலக்கையால் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டி, அது திரும்பும் கணத்தில் பாதத்தை அழுத்தும் பக்குவத்தைக் கால் தானாகக் கற்றுக்கொள்ள வேண்டும். அப்புறம் வேறொருவர் மெஷினில் உட்கார்ந்தால் அந்நியமாக இருக்கும். தன் மெஷின் எப்போது நூலைச் சிக்கவைக்கும், பாபின் கேஸில் பஞ்சு அடைத்தால் எப்படி முனகும் என்பதெல்லாம் சொந்தக்காரிக்கு அத்துப்படி. இரண்டு சொட்டு எண்ணெய், ஒரு திருகு, சரியாகிவிடும். கோளாறு வந்தால் திறந்து பார்க்கலாம், பார்த்தால் புரியும். வாயடைத்துக்கொண்டு கிடக்கும் இன்றைய கருவிகளிடம் இந்தச் சினேகம் வளர வழியில்லை.

ஜப்பானில் ஒடிந்த ஊசிகளுக்கே நன்றி சொல்ல ஒரு நாள் உண்டு. டோக்கியோவில் பிப்ரவரி 8ஆம் தேதி கோயிலுக்குக் கொண்டுபோய், கடினத் துணிகளையே குத்திக் களைத்தவை என்று அவற்றை மெத்தென்ற டோஃபுவில் செருகுவார்கள். இங்கே ஆயுத பூஜையன்று மெஷினைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தால், அன்று அவசரத் தையல் வந்தாலும் யாரும் மிதியில் கால் வைப்பதில்லை.

அந்தப் பாட்டியின் மெஷினை அருகில் போய்ப் பார்த்தால் ஒன்று தெரியும். கழுத்திலும் பின்பக்கத்திலும் பொன்பூ அப்படியே இருக்கும். ஊசிக்கு முன்னால், துணி உரசிப்போகும் இடத்தில் மட்டும் பூவும் போய், கறுப்பும் போய், இரும்பு வெள்ளையாக மின்னும். பழுது பார்க்க வருபவர் வழக்கமாகக் கேட்பார்: “புதுசா பெயின்ட் அடிச்சு, பூவும் ஒட்டித் தரட்டுமா?”

“வாரை மட்டும் மாத்துப்பா. மேல கை வைக்காதே” என்கிறார் பாட்டி.