எழுதாது விட்ட வரி

யான் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணி. ஆங்கிலப் பள்ளியிற் பயின்றவன். பிறர் வாய்ச்சொல்லைப் புத்தகத்தில் எழுதி வைப்பதே என் பிழைப்பு.

சில ஆண்டுகட்கு முன் ஒரு மாலை, வேலைக்காட்டிலிருந்து அம்மை ஒருத்தி ஆபீசு வாயிலில் வந்து நின்றாள். “கிராணி ஐயா, மண்டோர் என் மேல் கை வைத்தான், எழுதிக்கொள்ளுங்கள்” என்றாள். “வெளியே தெரிந்தால் உனக்குத்தானே அவமானம்” என்று அறிவுரை கூறி, “வாய்த்தகராறு” என்று மட்டும் எழுதினேன். அவள் மறுவார்த்தை பேசாது திரும்பினாள். நல்லது செய்ததாகவே அன்று எண்ணினேன்.

அவ்வெண்ணத்தைத் தகர்த்தது, ருவாண்டா நாட்டு வழக்கொன்றைப் பற்றி யான் அண்மையிற் படித்த செய்தி. 1994-இல் அங்கே டுட்சி மக்கள் கொன்று குவிக்கப்பட்டபோது, டாபா வட்டாரத்தின் தலைவனாயிருந்தவன் அகாயெசு. அடைக்கலம் நாடி அவன் அலுவலகத்தை அண்டிய பெண்கள் அங்கேயே வன்புணர்ச்சிக்கு ஆளாயினர். குற்றவாளிகளை விசாரிக்க, அவ்வாண்டிலேயே ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு மன்றம் ஒரு நீதிமன்றத்தை நிறுவிற்று. அது தான்சானியாவின் அருசா நகரில் அமர்ந்தது. 1997 சனவரியில் விசாரணை தொடங்கியபோது, அவன் குற்றப்பத்திரிகையில் கொலை இருந்தது, சித்திரவதை இருந்தது, வன்புணர்ச்சி இல்லை. சட்டம் கற்றோரும் என்னைப்போல் ஒரு வரியை விட்டுவிட்டனர்!

சாட்சி கூற வந்த தாய் ஒருத்தி, தன் ஆறு வயது மகளுக்கு நேர்ந்ததைச் சொன்னாள். நீதிபதிகள் அதனைக் கடந்து செல்லாது மேலும் வினவினர். அவருள் ஒரே பெண் நவநீதம் பிள்ளை. நேட்டாலின் கரும்புத் தோட்டங்கட்கு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்ற தமிழர் வழிவந்தவர். டர்பன் நகரத்துப் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மகள். சூன் திங்களில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. வேறு பெண்களும் வந்து உரைத்தனர். மன்றம் அவர்தம் பெயர்களை மறைத்து, வெறும் எழுத்துக்களாற் குறித்தது. 1998 செப்டம்பர் 2-ஆம் நாள் தீர்ப்பு வந்தது: ஓரினத்தை அழிக்கும் நோக்கொடு செய்யும் வன்புணர்ச்சியும் இனப்படுகொலையே. பன்னாட்டு நீதிமன்றமொன்று அவ்வாறு தீர்ப்பளித்தது அதுவே முதன்முறை. அகாயெசுவுக்கு ஆயுட்சிறை விதிக்கப்பட்டது.

இத்தீர்ப்பால் அப்பெண்களின் துயர் தீர்ந்ததென்று யான் சொல்லேன். அவர்கட்கு இழப்பீடு வழங்கும் அதிகாரம் அம்மன்றத்திற்கு இருந்ததில்லை. எனினும், வெட்கப்பட வேண்டியவன் யாரென்பதை அது உலகறிய உரைத்தது. நாமோ இக்கொடுமையைக் “கற்பழிப்பு” என்கிறோம். செய்தவனைச் சொல்லாது, அவளிடத்தில் ஏதோ அழிந்ததென்று சொல்லும் சொல் அது. என் “வாய்த்தகராறு” அதனினும் கீழானது.

நிற்க. சென்ற மாதம் அவ்வம்மையைத் தேடி, அவள் குடியேறியிருந்த அடுத்த தோட்டத்திற்குச் சென்றேன். “இப்போதேனும் எழுதட்டுமா, அம்மா?” என்றேன்.

“அன்றைக்கே அதைத்தானே கேட்டேன், கிராணி ஐயா” என்றாள்.

அவள் சொன்னது சொன்னபடி எழுதி, அன்று யான் மறைத்ததையும் சேர்த்து, என் கையொப்பமிட்டு நிர்வாகியிடம் கொடுத்துவிட்டேன். என் வேலைக்கு என்ன நேருமோ, அறியேன். பேனா பிடிக்கும் தோழர்களே! உங்கள் ஆபீசு வாயிலிலும் நாளை ஒருத்தி வந்து நிற்பாள். அவள் மானத்தைக் காப்பதாக எண்ணி அவள் வாயை அடைக்காதீர்கள்; சொல்வதை எழுதுங்கள்.